காத்தோ, குடம், கொடி: கருவை ஊட்டி வளர்க்கும் உறுப்புகளுக்குப் பெயர் வந்த கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மொரீஷியஸ் தீவின் ரோஸ்ஹில்லில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் உயிரியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், செய்தித்தாளை பிரெஞ்சில் புரட்டுகிறார்கள், வீட்டில் பிரெஞ்சு வழிவந்த கிரியோல் பேசுகிறார்கள். தமிழுக்கு மிஞ்சுவது அந்த ஒரு காலைப்பொழுதுதான். கருவளர்ச்சிப் பாடம் வரும் பருவத்தில் "மிஸ், இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று நோட்டை நீட்டுவார்கள். தமிழ்ச்சொல்லைச் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஏன் அப்படிப் பேர்?" திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். அம்மாக்கள் கேட்டவையும் சில உண்டு.

'பிளசென்டா' (நஞ்சுக்கொடி) என்றால் என்ன பொருள்?

கேக். சும்மா சொல்லவில்லை. லத்தீனில் 'பிளசென்டா' என்பது தட்டையான ஒரு பலகாரம். மாவை அடுக்கடுக்காக வைத்து, நடுவே பாலாடைக்கட்டியும் தேனும் தடவிச் சுடுவார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் கேட்டோ, தம் வேளாண்மை நூலிலேயே இதன் செய்முறையை எழுதிவைத்தார். அந்தச் சொல்லும் ரோமுக்குச் சொந்தமில்லை. தட்டையான பணியாரத்தைக் குறித்த கிரேக்கச் சொல் 'பிளக்கூஸ்' அங்கே போய் உருமாறியது.

பிறகு இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரியால்டோ கொலம்போ வருகிறார். அவர் இறந்தபின் 1559இல் வெனிசில் வெளியான நூலில், பிள்ளை பிறந்தபின் வெளியே வரும் அந்த வட்டமான உறுப்பை இந்தப் பலகாரத்துக்கு ஒப்பிட்டார். ஒப்புமையே பெயராகிவிட்டது. ஜெர்மன்காரர்கள் இன்னும் வெளிப்படையாக 'முட்டர்குஹன்', அதாவது தாய்க்கேக் என்கிறார்கள். ருமேனியாவிலோ 'பிளசிந்தா' இன்றும் தட்டில் வைத்துச் சாப்பிடும் பண்டம்தான்.

பேறு பார்த்தவர்களுக்கு ஒப்புமை புரியும். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம், இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் கனம், அரைக் கிலோ எடை.

நம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன், "அப்போ காத்தோவா மிஸ்?" என்றான். கிரியோலில் காத்தோ என்றால் கேக். ஆமாம், காத்தோதான். பருப்பு வடைக்கே 'காத்தோ பிமா', அதாவது மிளகாய் கேக், என்று பெயர் வைத்த தீவு இது. தட்டையாக, வட்டமாக இருக்கும் எதுவும் நமக்குக் காத்தோ. கொலம்போ செய்ததும் அதுவேதான்.

இன்னொன்று. தாவரவியலாரும் இந்தச் சொல்லை இரவல் வாங்கினார்கள். காயின் உள்ளே விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் சதைக்கும் அவர்கள் பிளசென்டா என்றே பெயர் வைத்தார்கள். மிளகாயைக் கீறினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபோல் ஒரு தண்டு ஓடுகிறதே, அதுதான். மிளகாயின் காரம் ஊறும் இடமும் அதுவே. விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டிய காரம் மட்டும். ஆக, மிளகாயை முழுசாக நறுக்கிப் போட்ட காத்தோ பிமாவில் பிளசென்டா இருக்கிறது. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டார்கள்.

தமிழில் 'நஞ்சுக்கொடி' என்கிறோமே, அதில் நஞ்சு இருக்கிறதா?

இல்லை. பிள்ளைக்கு உணவும் உயிர்வளியும் அதன் வழியாகத்தான் போகின்றன. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் அங்கே அருகருகே ஓடினாலும் கலப்பதில்லை. மெல்லிய சவ்வைக் கடந்து வேண்டியது உள்ளே போகும், கழிவு வெளியே வரும்.

அப்படியிருக்க நஞ்சு என்று ஏன் சொன்னார்கள்? தமிழ் அகராதிகள் 'நஞ்சு' என்பதற்கு விஷம் என்றும், பேற்றுக்குப் பின் விழுவது என்றும் இரு பொருளும் தருகின்றன. என் ஊகம் இது: பிள்ளை பிறந்தபின் அது விழாமல் உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலத்து மருத்துவச்சி அஞ்சியது அந்த நேரத்தைத்தான். "நஞ்சு விழுந்துடுச்சா?" என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகே மூச்சு விடுவார்கள். உள்ளே இருக்கும்வரை அமுதம், வேலை முடிந்தபின் தங்கினால் நஞ்சு.

மலையாளத்தில் இதை 'மறுபிள்ளை' என்கிறார்கள். பிள்ளை பிறந்த சற்று நேரத்தில் பின்னாலேயே பிறக்கும் இன்னொரு பிள்ளை! எனக்கு நஞ்சைவிட இது பிடிக்கும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாடு ஈன்றதும் அதன் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆலமரம் பால் வடியும் மரம். மாட்டுக்கும் பால் பெருகும் என்ற நம்பிக்கை. நம் ஊரில் 'முல்திப்லியான்' என்று பிரெஞ்சுப் பெயரில் அழைக்கப்படும் மரமும் அந்த ஆலமரம்தான்.

பாடநூல்களில் வேறு வேறு சொற்கள் இருக்கின்றனவே, எதை எழுதுவது?

தமிழ்நாட்டுப் பாடநூல் 'தாய்சேய் இணைப்புத்திசு' என்கிறது. இலங்கைப் பாடநூல் 'சூல்வித்தகம்' என்கிறது. முன்னது பெயர் மாதிரி இல்லை, விளக்கம் மாதிரி இருக்கிறது. பின்னது கம்பீரமானது, ஆனால் இங்கே யாருக்கும் புரியாது. தேர்வில் உயிரியல் விடை ஆங்கிலத்தில்தான் என்பதால் மதிப்பெண் பயம் வேண்டாம். தமிழ்க் கட்டுரையில் எழுதினால் நஞ்சுக்கொடி என்றே எழுதுங்கள். பாட்டிக்கும் புரியும்.

தொப்புள், நாபி, கிரியோலில் 'லோன்ப்ரி': மூன்றும் உறவா?

இரண்டு உறவு, ஒன்று தனி.

வடமொழியின் 'நாபி', கிரேக்கத்தின் 'ஓம்ஃபலோஸ்', லத்தீனின் 'உம்பிலிகஸ்', ஆங்கிலத்தின் 'நேவல்' எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. லத்தீன் சொல் பிரெஞ்சுக்கு வந்து 'நோம்ப்ரில்' ஆனது. அதன் முதலெழுத்து பழைய சொல்லில் இல்லை. முன்னே நின்ற சிறு சுட்டுச்சொல்லின் ஒலி ஒட்டிக்கொண்டு வந்தது. கிரியோல் பேசும் நமக்கு இது புதிதா என்ன? முட்டையை 'திசேஃப்' என்கிறோம், தண்ணீரை 'திலோ' என்கிறோம். இரண்டிலும் தலையில் ஒட்டியிருப்பது பிரெஞ்சுச் சுட்டுச்சொல்தான். 'லோன்ப்ரி'யும் அந்தக் குடும்பம். நாபியும் லோன்ப்ரியும் ஒன்றுவிட்ட உறவு என்று பத்மநாபன் என்று பெயர் கொண்ட எந்தப் பையனிடமும் சொல்லலாம்.

தொப்புள் தனி. அதன் பழைய வடிவம் 'கொப்பூழ்'. மதுரை நகரைத் திருமாலின் கொப்பூழில் மலர்ந்த தாமரைக்கு ஒப்பிடும் பரிபாடல் வரிகளில் அந்தச் சொல் இருக்கிறது. நாபி நம்மிடம் வந்து சேர்ந்தது, கொப்பூழ் நம்மிடமே இருந்தது.

'தொப்புள்கொடி' என்பதில் வரும் கொடியைக் கவனியுங்கள். பிரெஞ்சில் அது 'கோர்தோன்', கயிறு. ஆங்கிலத்திலும் கயிறுதான். நாம் மட்டும் படரும் செடியைச் சொன்னோம். ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளம், உள்ளே இரண்டு தமனி, ஒரு சிரை, அவை முறுக்கிக்கொண்டு போகும் விதம். பார்த்தால் கயிறும் சரி, கொடியும் சரி. ஆனால் கயிறு கட்டும், கொடி உணவு கொண்டுபோகும். (தேர்வுக்கு: இங்கே நல்ல இரத்தத்தைக் கொண்டுபோவது சிரை. தமனி என்று எழுதி ஆண்டுதோறும் மதிப்பெண் இழக்கிறார்கள்.)

நம் தீவிலும் பக்கத்துத் தீவான ரெயூனியனிலும் 'லோன்ப்ரி' புதைந்த இடம் என்றால் பிறந்த மண். ஈழத்தமிழர் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் 'தொப்புள்கொடி உறவு' என்பார்கள். ஒருவர் மண்ணைச் சொல்கிறார், மற்றவர் இரத்தத்தைச் சொல்கிறார்.

'ஆம்னியன்' என்ற சொல்லும் பனிக்குடமும் ஒரே பொருளா?

குறிக்கும் பொருள் ஒன்றே: பிள்ளையைச் சுற்றி நீர் நிறைந்திருக்கும் பை. சொல் பிறந்த விதத்தில்தான் வியப்பு. ஹோமரின் காவியத்தில் 'ஆம்னியன்' என்பது பலியிடும்போது இரத்தத்தைப் பிடிக்கும் கிண்ணம். ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'ஆம்னோஸ்' என்ற சொல்லோடும் அதை இணைத்துப் பார்க்கிறார்கள்.

கிரேக்கர் கண்டது கிண்ணம். நாம் கண்டது குடம், அதிலும் குளிர்ந்த நீர் தளும்பும் பனிக்குடம். சிலர் 'பன்னீர்க்குடம்' என்பார்கள். இரு மக்களும் பாத்திரத்தைத்தான் நினைத்தார்கள், ஆனால் ஒருவர் கையில் பலிக்கிண்ணம், இன்னொருவர் இடுப்பில் தண்ணீர்க்குடம். மருத்துவமனையில் "தண்ணி உடைஞ்சிருச்சு" என்று பதறாமல் "பனிக்குடம் உடைஞ்சிருச்சு" என்று பாட்டிமார் சொல்லும்போது ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்றே காதில் விழும்.

கோரியான்? அலன்டாய்ஸ்?

இரண்டும் கருவோடு சேர்ந்து வளரும் சவ்வுகள். முன்னதன் பொருள் தோல். லத்தீனில் தோலுக்கான 'கோரியம்', பிரெஞ்சில் 'குய்ர்' எல்லாம் அதன் உறவினர். பின்னது சாசேஜ்; நீளப்பை என்பதால். கோரியானிலிருந்து நீளும் நுண்விரல்களுக்கு 'வில்லஸ்', அதாவது சடைமுடி, என்று பெயர். துணிக்கடையில் கேட்கும் 'வெலூர்' என்ற வெல்வெட்டும் அந்த முடியிலிருந்து வந்ததுதான்.

மஞ்சள் கருவிலிருந்துதானே குஞ்சு வருகிறது? அதனால்தானே 'கரு' என்கிறோம்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன். மஞ்சள் கருவும் கருவல்ல, வெள்ளைக் கருவும் கருவல்ல. மஞ்சளின் மேல் வெளிறிய சிறு புள்ளி ஒன்று இருக்கிறதே, குஞ்சு உருவாவது அதிலிருந்து. மஞ்சள் முழுவதும் அதற்கு வழிச்சோறு. தமிழ் பெயர் வைத்தபோது சோற்றுக்கே பிள்ளையின் பெயரை வைத்துவிட்டது.

தமிழை மட்டும் குறை சொல்ல வேண்டாம். முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்த அரிஸ்டாட்டில், மூன்று நாள் கழித்து இரத்தப் பொட்டு ஒன்று துடிப்பதைக் கண்டார். குஞ்சு வெள்ளையிலிருந்து உருவாகி மஞ்சளைத் தின்று வளர்கிறது என்றார். பாதி சரி. முட்டைக்குள் மஞ்சளைப் பிடித்துக்கொண்டிருக்கும் முறுக்கிய வெண்ணூலிலிருந்து குஞ்சு வருகிறது என்று பின்னாளில் இத்தாலியரான ஃபாப்ரீசியஸ் நினைத்தார். அந்த நூலுக்குக் கிரேக்கத்தில் 'கலாசா', ஆலங்கட்டி என்று பெயர். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1651இல் வெளியிட்ட நூலில்தான் அந்தச் சிறு புள்ளியைச் சரியாகக் காட்டினார்.

ஆங்கிலத்தில் 'யோக்' என்றால் வெறும் மஞ்சள். பிரெஞ்சிலும் முட்டையின் மஞ்சள்தான். லத்தீனின் 'விட்டெல்லஸ்' வேடிக்கையானது: குட்டிக் கன்று! ரோமானியர் செல்லப் பெயராகவும் அதை அழைத்தார்கள். பசுவின் வயிற்றில் கன்று கிடப்பதுபோல் முட்டைக்குள் மஞ்சள் கிடக்கிறது என்று நினைத்தார்கள் போலும். வாழைக்குப் பக்கத்தில் முளைத்ததைக் கன்று என்று சொல்லும் நாம் சிரிக்கக் கூடாது.

21ஆம் நாள் குஞ்சு ஓட்டை உடைக்கும் முன், மிச்சமிருக்கும் மஞ்சளைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்துத் தீனியில்லாமலே இரண்டு நாள் பயணம் அனுப்ப முடிவது அந்தக் கட்டுச்சோற்றால்தான்.

மஞ்சளைச் சுற்றியிருக்கும் பை மனிதக் கருவுக்கும் உண்டு, மஞ்சள்தான் இல்லை. ஆனாலும் வெட்டியாக இல்லை: முதல் இரத்த அணுக்கள் தோன்றுவது அங்கே.

பிஸ்கட் பாக்கெட்டில் 'லெசித்தின்' என்று இருக்கிறது. அதற்கும் முட்டைக்கும் தொடர்பா?

'லெக்கிதோஸ்' கிரேக்கத்தில் முட்டையின் மஞ்சள். பிரெஞ்சு வேதியியலாளர் கோப்லே அதிலிருந்து பிரித்தெடுத்து, 1850இல் இந்தப் பெயர் வைத்தார். இன்று பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. சைவர்கள் பயப்பட வேண்டாம், பாக்கெட்டைப் படித்தால் போதும்.

'ட்ரோஃப்' என்று வரும் சொற்கள் எல்லாம் ஒன்றா?

ஒன்றுதான். கிரேக்கத்தில் 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். கருப்பைச் சுவரில் பதிந்து உணவு வாங்கும் வெளியடுக்குக்கு டச்சுக்காரர் ஹூப்ரெக்ட் 1889இல் முள்ளெலியை ஆராய்ந்தபோது 'ட்ரோஃபோபிளாஸ்ட்' என்று பெயர் வைத்தார். 'பிளாஸ்டோஸ்' என்பது முளை. ஊட்டும் முளை. தசை மெலிந்தால் 'அட்ரோஃபி', ஊட்டமின்மை. குளத்திலும் கடற்கழியிலும் உரம் கலந்து பாசி மண்டுவது 'யூட்ரோஃபிகேஷன்', மிகையூட்டம்.

'ட்ரோஃபே'யின் வினைக்கு இன்னும் பழைய பொருள் ஒன்று உண்டு: பாலை உறையவைத்தல், கெட்டியாக்குதல். பால் உறைவதுபோல்தான் தாயின் வயிற்றில் கரு கட்டிப்படுகிறது என்று அரிஸ்டாட்டிலே எழுதினார். தமிழ் இந்த இடத்தில் வேறு வழி போனது. உண் என்பதிலிருந்து ஊட்டு. தான் உண்பது ஒன்று, பிறரை உண்ணச் செய்வது இன்னொன்று. நீட்டி ஒலித்தாலே அம்மா வந்துவிடுகிறாள்.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் காணும் ஹார்மோனின் பெயர் மட்டும் எச்சரிக்கை. 'கோனாடோட்ரோஃபின்' என்றால் ஊட்டுவது. 'கோனாடோட்ரோபின்' என்றால் திருப்புவது, ஏவுவது. பிரிட்டிஷ் நூல்களில் முன்னது, அமெரிக்க நூல்களில் பின்னது. இரண்டும் ஒரே ஹார்மோன்தான்.

'எம்பிரியோ', 'ஃபீட்டஸ்': வேறுபாடு சொல்லிலும் இருக்கிறதா?

பாடத்தில் எட்டு வாரம்வரை முன்னது, அதற்குப்பின் பின்னது. தமிழ்நாட்டுப் பாடநூல் கரு, முதிர்கரு என்று பிரிக்கிறது.

'எம்பிரியோ' என்றால் உள்ளே பூரித்து வளர்வது. ஆனால் ஹோமர் காலத்தில் அது பிறந்த ஆட்டுக்குட்டியையே குறித்தது. ஒற்றைக்கண் அரக்கன் பால் கறந்தபின் ஒவ்வோர் ஆட்டுக்கும் கீழே அதன் குட்டியை விடும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. தமிழில் ஆட்டுக்குட்டிக்குத் தனியே 'மறி' உண்டு. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர் ஒன்பதைத் தொல்காப்பியம் அடுக்குகிறது. வளமான வீடு.

'ஃபீட்டஸ்' லத்தீன். பால் உறிஞ்சுதல் என்ற மிகப் பழைய வேரோடு அதைச் சேர்க்கிறார்கள். அதே வேரில்தான் பெண்ணைக் குறிக்கும் 'ஃபெமினா' (நம் கிரியோலில் 'ஃபாம்'), மகனைக் குறிக்கும் 'ஃபிலியஸ்' (பிரெஞ்சில் 'ஃபீஸ்'), வடமொழியில் கறவைப்பசுவான 'தேனு' எல்லாம். காமதேனுவும் 'ஃபாம்'மும் ஒரு மடியில்! பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நடுவே ஒட்டியிருக்கும் 'ஓ' பிற்காலத்தார் தவறாகச் சேர்த்தது.

கருவும் கர்ப்பமும் ஒரே சொல்தானே?

ஒலி ஏமாற்றுகிறது. 'கரு' திராவிடச் சொல். 'கதையின் கரு' என்று இன்றும் அதை நீட்டிப் பயன்படுத்துகிறோம். 'கர்ப்பம்' வடமொழி. அதற்கு உறவு கிரேக்கத்தில் கருப்பையைக் குறித்த 'தெல்ஃபிஸ்' என்று மொழியியலாளர் பொதுவாகக் கருதுகிறார்கள். அதிலிருந்து வந்தது 'டொல்பின்': கருப்பையுள்ள மீன். உலகத்தின் தொப்புள் என்று ஒரு கல்லை வைத்து வணங்கிய தெல்ஃபி ஊரின் பெயரையும் அதோடு சேர்ப்பார்கள். காலையில் படகேறித் தமாரின் விரிகுடாவில் டொல்பின் பார்க்கப் போகிறவர்கள், கோயில் கர்ப்பக்கிரகத்தின் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

தமாரின் (பிரெஞ்சில் புளி) என்றதும் நினைவு: கர்ப்பிணிக்குப் புளி பிடிக்கும் என்பது பழைய செய்தியா?

குறுந்தொகையளவு பழையது. 287ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீரைச் சுமந்து நகரமுடியாமல் தவழும் மேகங்களை, பச்சைப்புளிக்கு ஏங்கும் முதிர்ந்த சூல்கொண்ட பெண்களுக்கு ஒப்பிடுகிறார். அந்த ஏக்கத்துக்கு 'வயா' என்று பெயர், இப்போது மசக்கை. 'சூல்' மேகத்துக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, பூவுக்கும் உண்டு. விலங்குக்கு 'சினை'. மீன்கடையில் வயிறு புடைத்த மீனைக் காட்டி "சினை இருக்கா?" என்று கேட்கும் பாட்டி, சினைப்பை என்று பாடநூல் எழுதுவதற்கு நெடுநாள் முன்பே சொல்லைக் கையில் வைத்திருந்தவர்.

விதைக்கும் ஊட்டுகிறவர் உண்டா?

உண்டு, தேங்காயில் வைத்தே பார்க்கலாம். இளநீரும் வழுக்கையும் தென்னங்கருவுக்குச் சேர்த்துவைத்த உணவு. கரு மட்டும் கண்ணுக்கடியில் மணியளவு இருக்கும். காய் முளைவிடும்போது உள்ளே பஞ்சுருண்டை ஒன்று பெருத்து, நீரையும் பருப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பும். தாவரவியலில் அதற்கு 'ஹாஸ்டோரியம்'. மொண்டு குடிப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த பெயர். தமிழில் தேங்காய்ப்பூ என்பார்கள், சிலர் பூரான் என்பார்கள். முளைத்த காய் கிடைத்தால் அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், உடைத்துப் பார்ப்போம். இனிப்பாக இருக்கும், ஆளுக்கு ஒரு துண்டு.